ஸ்லோவில் நிற்காத பழைய கார்

வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் ஆண்டுக்கொரு முறை விடுப்பில் வரும்போது மட்டும் உறை நீக்கப்படும் பழைய கார்கள் நம் பகுதியில் பல வீடுகளில் உண்டு. மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசிடரின் உற்பத்தி அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றுபோயின. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றது. ஆயினும் வாசுதேவநல்லூரிலும், அதே மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் உள்ள புளியங்குடி, கடையநல்லூர் ஆகிய ஊர்களிலும் திருமண வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இவ்வண்டிகளை நம்பிச் செல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இக்கார்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் முறையீடு ஒன்றுண்டு. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிறது. ஆனால் கடைத்தெரு நெரிசலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நடுங்கி அணைந்துவிடுகிறது. 'ஸ்லோவில் நிற்கவில்லை' என்று பட்டறையில் இதனைக் கூறுவர். அதற்குக் கிடைக்கும் விரைவான மருந்து, 'ஸ்லோவை ஏற்றிவிடுவது'. கார்ப்புரேட்டரின் ஒரு திருகாணியை அரைச் சுற்று திருப்பினால் வண்டி அணையாது. உரிமையாளரும் மகிழ்ந்து புறப்படுவார். இம்மருந்து நோயைத் தீர்க்கிறதா, மறைக்கிறதா என்பதை இம்மாதம் காண்போம்.

முதலில் எஞ்சின் ஸ்லோவில் நிற்கும் விதத்தை அறிதல் வேண்டும். காலை எடுத்தவுடன் கார்ப்புரேட்டரின் காற்றுக் கதவு ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொள்கிறது. அப்போது எஞ்சினுக்குச் செல்லும் காற்று மிகச் சிறிது. அதற்கேற்ற பெட்ரோல், 'ஸ்லோ ஜெட்' எனப்படும் மயிரிழை போன்ற துளையின் வழியே வருகிறது. வேகமாக ஓடும்போது ஏராளமான காற்று உட்செல்வதால், ஏதோ ஒரு ரப்பர் குழாயின் வெடிப்பு வழியே நுழையும் கள்ளக் காற்று ஒரு பொருட்டன்று. ஸ்லோவிலோ அதே கள்ளக் காற்று கலவையைக் கெடுத்துவிடும். ஆகவே ஸ்லோ என்பது எஞ்சினின் நாடித்துடிப்பைப் போன்றது. மற்ற நேரங்களில் ஒளிந்திருக்கும் குறை அங்கே வெளிப்படுகிறது.

திருகாணியை ஏற்றும்போது காற்றுக் கதவு சற்றுத் திறந்தே நிற்கிறது, குறை மறைகிறது, ஆனால் போவதில்லை. பெட்ரோல் வீணாகிறது. சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் சில கணம் குலுங்கி ஓடக்கூடும். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில், அதன் குழாயோ உள்ளிருக்கும் ரப்பர் தகடோ கிழிந்திருந்தாலும் ஸ்லோ தடுமாறும். ஸ்லோவை ஏற்றி அதனை மறைத்துவிட்டு, ஆரியங்காவு மலைப்பாதையில் குடும்பத்துடன் இறங்கும்போது பிரேக் மிதி கல்லாய் இறுகினால் என்னாவது? வழியில் எஞ்சின் அணைந்தாலும் இதே நிலைதான். சிலமுறை மிதித்த பின் பூஸ்டரின் உதவி முற்றும் நின்றுபோகும். எனவே இது வெறும் சிக்கனக் கணக்கன்று. உயிர்க் கணக்கும் ஆகும்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? பட்டறைக்குச் செல்லுமுன் வண்டியின் போக்கைக் கவனித்து வைக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் மட்டும் அணைகிறதா, சூடேறிய பின்னா? விளக்குப் போட்டால் நடுக்கம் கூடுகிறதா? பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் தடுமாறுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால் பூஸ்டரையே முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். மாருதி 800 மூன்று சிலிண்டர் எஞ்சின். சிறு அதிர்வு அதன் இயல்பு. அதனை நோயென்று எண்ணிச் செலவழிக்க வேண்டா.

கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டியில் எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் நன்கு சூடான பின் சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால், பெட்ரோல் குறைவாகவோ காற்று மிகுதியாகவோ செல்கிறது என்று பொருள். கள்ளக் காற்று அல்லது அடைபட்ட ஸ்லோ ஜெட் காரணமாகலாம். ஓட்டம் மேலும் கெட்டால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி; அடைத்த ஏர் ஃபில்டர், முழுதும் திறவாத சோக், கார்ப்புரேட்டர் கிண்ணத்து மிதவையின் கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இனி, செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்வதே முறை. ரப்பர் குழாய்களும், கார்ப்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கெட்டும் முதலில் வரும். நீண்ட ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டுசென்றால், 'உஸ்' என்னும் ஓசை ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். குழாயும் கைகளும் சுழலும் விசிறி, பெல்ட் ஆகியவற்றுக்கு அப்பால் இருக்கட்டும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளித்துக் கண்டறிவோரும் உண்டு; தீயை விலைக்கு வாங்கும் அச்செயலை அனுமதிக்காதீர்கள்.

அடுத்தது மின்பொறி. பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியே கதை சொல்லும். இளம்பழுப்பு நிறம் நலம். கரிபடிந்த கருமை பெட்ரோல் மிகுதி. வெளுத்த நிறம் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசை உள்தேய்மானத்தின் அறிகுறி. பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் டிஸ்ட்ரிபியூட்டரினுள் உள்ள பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறும். டைமிங்கும் அதனோடு மாறும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் உறங்கினாலும் மூன்றிலொரு பங்கு வலிமை போயிற்று.

மூன்றாவது பெட்ரோல். இங்கே காலத்தின் மாற்றமொன்றையும் கருத வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. ஒரு கிலோ தூய பெட்ரோல் முறையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். பெட்ரோல் ஊசிமுறை கொண்ட புதிய கார்களில் ஆக்சிஜன் உணர்வுக் கருவி இந்த வேறுபாட்டை உணர்ந்து அளவைத் திருத்திக்கொள்கிறது. கார்ப்புரேட்டருக்கு அந்த அறிவில்லை. அதன் துளை ஒரே அளவினது. ஆதலால் கலவையில் பெட்ரோலின் பங்கு போதாமற் போய், ஏற்கெனவே சிறிது காற்றிழுக்கும் பழைய எஞ்சின் ஸ்லோவில் மேலும் தடுமாறலாம். எத்தனால் பழைய ரப்பரை ஊறச்செய்து கெடுக்கவும் கூடும். காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க்கிலும் கார்ப்புரேட்டர் கிண்ணத்திலும் நீரும் பிசினும் தங்கி, ஸ்லோ ஜெட்டை அடைத்துவிடும்.

எனவே இவ்வண்டிகளுக்குப் பெட்ரோல் குழாய்களையும் கார்ப்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுவது வீண் செலவன்று. நெடுநாள் நிறுத்துமுன் கார்ப்புரேட்டர் கிண்ணத்தை மெக்கானிக்கைக் கொண்டு வடித்து வைத்தல் நன்று. ஸ்லோ ஜெட்டை உரிய திரவத்தாலும் அழுத்தக் காற்றாலும் தூய்மை செய்ய வேண்டும். ஊசி கொண்டு குத்தினால் துளை பெரிதாகிக் கோளாறு நிலைத்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நடுக்கம் நின்றபாடில்லை எனில், டேப்பட் இடைவெளியையும் சிலிண்டர் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. ஈயப் பெட்ரோலுக்கென அமைந்த பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் மெல்லத் தேய்ந்து, இடைவெளி குறைந்து, அழுத்தம் கசியக்கூடும். அளந்து பாராமல் 'எஞ்சினைப் பிரிக்க வேண்டும்' என்பவரிடம் பொறுத்திருக்கச் சொல்வது உங்கள் உரிமை.

திருகாணிக்கு முறை வருவது இவை அனைத்துக்கும் பின்னரே. அந்த வண்டியின் கையேட்டில் கண்ட சுற்றளவுக்கு அதனை வைத்து, கலவைத் திருகாணியையும் உடன் சரிசெய்து, புகைப் பரிசோதனைக் கருவியில் பார்ப்பது நலம். பெட்ரோல் காரின் கார்பன் மோனாக்சைடு அளவு ஸ்லோவில்தான் சோதிக்கப்படுகிறது. பாரத் ஸ்டேஜ்-2 நெறிக்கு முந்திய நான்கு சக்கர வண்டிகளுக்கு உச்ச அளவு 3 விழுக்காடு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கச் செல்வோருக்கும் இது பயன்படும்.

வீட்டுப் பெண்மணிகளும் பிள்ளைகளும் அறிய வேண்டிய எச்சரிக்கை ஒன்று. அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளையே கொல்லும். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது. வண்டியை வெட்டவெளிக்குக் கொணர்ந்த பின்னரே சாவியைத் திருப்புங்கள்.

அடுத்த முறை பட்டறையிலிருந்து வண்டியைப் பெறும்போது, 'ஸ்லோவை எவ்வளவு ஏற்றினீர்கள்?' என்று கேளாதீர்கள். 'குறை எங்கே இருந்தது?' என்று கேளுங்கள். அதற்கு விடை கூறும் மெக்கானிக்குக் கூலியை மனமுவந்து கொடுங்கள். அவரே குறையைத் தேடிக் கண்டவர்.