புறாவுக்கு 35, எலிக்கு 4

மாணவர்களே, அடுத்த முறை ஜார்ஜ்டவுனில் குவான் இன் கோயில் பக்கம் போனால், வாசலில் மேயும் புறாக்களைச் சற்று நின்று பாருங்கள். பிறகு சாலையோரச் சாக்கடையையும் எட்டிப் பாருங்கள்; அந்தி நேரமானால் எலி கண்ணில் படலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் எலி 4 ஆண்டுகளைத் தாண்டுவது அரிது. புறாவோ கூண்டில் 35 ஆண்டுகள் வரை வாழ்ந்திருக்கிறது.

வேகமாக ஆற்றலைச் செலவிடும் உடல் சீக்கிரம் மூப்படையும் என்பது பழைய கருத்து. புறா எலியைவிட அதிகப் பிராணவாயுவைச் செலவிடுகிறது, உடல் சூடும் அதிகம். அப்படியானால் புறாவல்லவா முதலில் போக வேண்டும்?

மூப்புக்குக் காரணம் ஃப்ரீ ராடிக்கல்கள் என்று 1956-இல் அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். நம் செல்களில் மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்கும்போது சில எலக்ட்ரான்கள் வழியிலேயே கசிந்து பிராணவாயுவோடு சேர்கின்றன. அப்படிப் பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று அகப்பட்டதையெல்லாம் தாக்கும். ஸ்பெயினில் குஸ்தாவோ பார்ஹா குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், புறாவின் மைட்டோகாண்ட்ரியாவில் இந்தக் கசிவு எலியைவிடக் குறைவு என்று கண்டனர்.

இந்த இடத்தில்தான் மருந்துக்கடை அலமாரி உள்ளே நுழைகிறது. ‘ஆன்டிஆக்ஸிடன்ட், இளமை காக்கும்’ என்று எழுதிய புட்டியை உங்கள் அத்தையோ பாட்டியோ வாங்கி வைத்திருக்கலாம். என் கருத்தில் அது வீண் செலவு. புறா கசிவைக் குறைத்தது. கசிந்த பின் துடைக்க மருந்து தேடவில்லை. பல விலங்குகளை ஒப்பிட்டபோது, நெடுநாள் வாழ்பவற்றின் திசுக்களில் ஆன்டிஆக்ஸிடன்ட்கள் குறைவாகவே இருந்தன. பின்லாந்தில் 29,000-க்கும் அதிகமான புகைப்பவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! பப்பாளியும் கீரையும் வேறு கதை, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஹார்மனின் கருத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் முடியில்லா வளை எலியின் திசுக்களில் இளம் வயதிலேயே ஃப்ரீ ராடிக்கல் சேதம் நிறைய. இருந்தும் சுண்டெலி அளவே உள்ள அது 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது. படிவம் 4 உயிரியலில் மைட்டோகாண்ட்ரியா பாடம் வரும்போது, இந்த எலியைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.