எட்டுப் பாதை திறந்திருந்தும்...

பெருநாள் விடுமுறையில் டோல் சாவடியில் காத்திருந்திருப்பீர்கள். எட்டுப் பாதை திறந்திருந்தும் எல்லாக் காரும் ஒரே பாதையில் நின்றால் எப்படி இருக்கும்? போன மாதம் எங்கள் அலுவலக சர்வருக்குள் அதுதான் நடந்தது. தவறு என்னுடையது.

வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை இணையம் வழியாகக் கையாளும் சர்வர் அது. காலை பத்து மணிக்கு மேல் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று புகார் வந்தது. மேலாளர் புதிய சர்வருக்கு விலை கேட்கத் தொடங்கிவிட்டார். அப்போது, வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் திரையைக் காட்டினார். "அண்ணே, ஒரு கோர் மட்டும் நூறு விழுக்காடு ஓடுது. மத்த ஏழும் சும்மா இருக்கு."

சர்வர்களில் உள்ள நெட்வொர்க் கார்டுகளில், உள்ளே வரும் தகவல் பொட்டலங்களை வாங்கப் பல வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையையும் பிராசஸரின் ஒரு கோர் கவனிக்கும். எந்தப் பொட்டலம் எந்த வரிசைக்கு என்பதைக் கார்டே கணக்குப் போட்டு முடிவு செய்யும். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளும் போர்ட் எண்களும் அந்தக் கணக்கில் சேரும். ஒரே தொடர்பின் பொட்டலங்கள் முன்பின்னாகிவிடக் கூடாது என்பதால் அவை ஒரே வரிசைக்கே போகும்.

குரல் பயணிப்பது யூடிபி முறையில். பல கார்டுகள் யூடிபிக்கு முகவரியை மட்டும் பார்க்கும். போர்ட் எண்ணைப் பார்க்காது. பெரிய பொட்டலம் துண்டு துண்டானால் முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. கார் எண்ணை விட்டுவிட்டு முதல் எழுத்தை மட்டும் பார்த்துப் பாதை பிரிப்பது போல. ஜொகூரின் 'ஜே' கார்கள் எல்லாம் ஒரே பாதைக்குப் போய்விடும். எங்கள் அழைப்புகள் அனைத்தும் ஒரே கேட்வேயிலிருந்துதான் வந்தன.

நான் சோதிக்காமல் இல்லை. ஆனால் என் சோதனைக் கருவி ஆயிரக்கணக்கான வெவ்வேறு முகவரிகளிலிருந்து பொட்டலங்கள் வருவது போல் அனுப்பியது. எட்டு வரிசையும் ஏறக்குறைய சமமாக நிரம்பின. மகிழ்ச்சியோடு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

லினக்ஸின் 'எத்டூல்' கட்டளையில் ஒரு வரிதான்: யூடிபிக்கும் போர்ட் எண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். குரல் பொட்டலங்கள் சிறியவை, துண்டாவதில்லை; அதனால் துணிந்து மாற்றினோம். இந்த முறை ஒரே முகவரி, பல போர்ட் என்று உண்மை நிலவரப்படி சோதித்தோம். எட்டு வரிசையின் எண்ணிக்கையும் ஏறியது. புகார் நின்றது. பழைய அறிக்கை என்னுடையது என்று மேலாளரிடம் நானே சொன்னேன். புதிய சர்வர் வாங்கவில்லை.

இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. ஒரே ஒரு தொடர்பை வைத்துச் சோதித்தால் ஒரு வரிசைதான் நிரம்பும். பயப்படாதீர்கள், அது கோளாறு அல்ல. எல்லாம் சமமாக நிரம்பினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். நாளைக்கு உண்மையில் வரப்போகும் கூட்டத்தைத்தான் அனுப்பிப் பார்த்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.