ஆன்லைன் படிப்பும் தலையெழுத்தும்

பட்டணங்களில் மாத்திரமின்றிக் கிராமங்களிலுங்கூட இப்போது ஒரு பேச்சு அடிபட்டு வருகின்றது. அதாவது, கைப்பேசிக்குள்ளேயே காலேஜ் வந்துவிட்டது. இனி எவனும் படிக்க வழியில்லை என்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் ஒருவன் தேறவில்லையென்றால் அது அவனுடைய மூளைக் குறைவே தவிர வேறல்ல என்பதாகும். இந்தப் பேச்சில் முற்பாதி ஓரளவுக்கு உண்மை. பிற்பாதி சுத்தப் புரட்டு. முன்னே தலையெழுத்து என்று சொல்லி வாயை அடைத்தவர்கள் இன்று மூளை என்று சொல்லி வாயை அடைக்கிறார்கள் என்பதைத் தவிர இதில் புதிய சங்கதி ஒன்றுமில்லை.

முற்பாதியை முதலில் பார்ப்போம். வகுப்புக்கு வராதவனும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என்பது நேற்று முளைத்த யோசனையல்ல. லண்டன் சர்வகலாசாலை 1858-லேயே, எந்தக் காலேஜிலும் சேராதவர்களுக்குத் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. டில்லி சர்வகலாசாலை 1962-ல் தபால் மூலம் பாடம் அனுப்ப ஆரம்பித்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். என்னும் ஏற்பாட்டைத் துவக்கின. இந்திய சர்க்காரின் 'ஸ்வயம்' 2017-ல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆன்லைன் பட்டப்படிப்பு ஒன்றையே ஆரம்பித்தது. அதில் சேருவதற்கு, ட்யூஷன் கடைகளில் லட்சக்கணக்காகக் கொட்டித் தயார் செய்துகொள்ளும் ஜே.இ.இ. பரீட்சை அவசியமில்லை. நான்கு வாரம் பாடம் கேட்டு, வாரந்தோறும் கொடுக்கும் வேலைகளைச் செய்து, அந்தப் பாடத்திலேயே வைக்கும் பரீட்சையில் தேறினால் உள்ளே வரலாம். கட்டணம் உண்டு, ஜாதியையும் வருமானத்தையும் பார்த்துச் சலுகையும் உண்டு. இவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடத்தான் என்று கேளாமல், இந்த நான்கு வாரத்தில் என்ன கற்றான் என்று மாத்திரம் கேட்கும் வாசற்படி நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன?

நிற்க. கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே போய் முடித்து வெளியே வருவது வேறு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2012-ல் மின்சாரச் சுற்றுகளைப் பற்றி உலகம் முழுமைக்கும் நடத்திய ஆன்லைன் பாடத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,54,763 பேர். தேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இம்மாதிரிப் பாடங்களை ஆராய்ந்து 'சயின்ஸ்' பத்திரிகையில் 2019-ல் வெளியிட்ட கணக்கில், 2017-18-ல் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்றே பேர். அதே கணக்கில், சான்றிதழுக்கென்று பணம் கட்டிச் சேர்ந்தவர்களை மாத்திரம் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் முடித்திருக்கிறார்கள். பாடம் ஒன்று, உபாத்தியாயர் ஒருவர், பரீட்சையும் ஒன்று. பணம் கட்டியவுடனே மூளை வளர்ந்துவிட்டதா என்று கேட்கின்றோம். எட்டிப் பார்க்க வந்தவனும் முடித்தே தீருவதென்று வந்தவனும் இவ்வளவு வித்தியாசப்படுகிறார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று இருக்கின்றது. அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்துக் காலேஜுகளில் படித்த நாற்பதினாயிரம் மாணாக்கர்களின் ஏறக்குறைய ஐந்து லட்சம் பாடங்களுடைய மார்க்குகளைக் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் 2013-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மாணாக்கன் நேரில் இருந்து படித்த பாடத்தில் வாங்கிய மார்க்கைவிட, ஆன்லைனில் படித்த பாடத்தில் குறைவாகவே வாங்கியிருந்தான். அந்தக் குறைவு எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. முன்பே மார்க்கு குறைந்தவர்களுக்கும், வயதில் இளையவர்களுக்கும், கறுப்பு ஜாதியாருக்கும் அது அதிகமாக இருந்தது. பிறவி மூளைதான் காரணமென்றால், அதே பையனுக்கு நேர் வகுப்பில் இருந்த மூளை ஆன்லைன் வகுப்பில் எங்கே போயிற்று? இதற்கு அந்த மூளைவாதிகள் பதில் சொல்லட்டும்.

நேர் வகுப்பு என்பது பாடத்தை மாத்திரம் கொடுப்பதல்ல. மணி அடிக்கிறது, ஆஜர் எடுக்கிறார்கள், பக்கத்திலிருப்பவன் நோட்டைப் பார்க்கலாம், முழிக்கிற முழியைப் பார்த்து உபாத்தியாயர் மறுபடியும் சொல்லுகிறார், நாலு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லையென்று ஒருவராவது கேட்கிறார். இவையெல்லாம் காசில்லாமல் கிடைப்பதால் நாம் கணக்கில் வைப்பதில்லை. ஆன்லைனில் பாடம் மாத்திரம் வருகின்றது, மற்றவை வருவதில்லை. தகப்பனும் தாயும் படித்த வீடாயிருந்தால் அந்தக் குறையை வீடு நிரப்பிவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு யார் நிரப்புவது? அவனே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அது முடியாத காரியமல்ல என்பதும், அதற்கு முறை இருக்கின்றது என்பதுமே நாம் சொல்ல வந்தது.

முதலாவது, பாடத்தைக் காலட்சேபம் கேட்பதுபோல் கேட்கக் கூடாது. காலட்சேபத்தில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், கேட்டதே புண்ணியம் என்று கணக்கு முடிந்துவிடும். வீடியோப் பாடத்திலும் பலர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உபாத்தியாயர் சொல்லும்போது எல்லாம் விளங்குவதுபோலவே இருக்கும்; அவர் நன்றாகச் சொல்லுகிறார் என்பதற்கு அது ருசுவே தவிர, நமக்கு வந்துவிட்டது என்பதற்கு ருசுவல்ல. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான ஒரு சோதனையில் சில மாணாக்கர்களை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை ஒரு முறை படித்தபின் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஆகையால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வீடியோவை நிறுத்தி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, சொன்னது என்ன என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம் எதுவோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம். அதைப் பார்க்க வெட்கப்படவேண்டியதில்லை.

இரண்டாவது, சட்டத்தை முதல் நாளே படித்துக்கொள்ள வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடத்தில் பெயர் கொடுக்கக் காசில்லை. ஆனால் பரீட்சைக்குத் தனியாகப் பதிந்து, தனியாகப் பணம் கட்டவேண்டும். இது தெரியாமல் பன்னிரண்டு வாரமும் படித்துவிட்டுக் கடைசியில் கையைப் பிசைகிறவர்கள் உண்டு. பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரவேலைகளில் நன்றாகச் செய்த எட்டின் சராசரியை எடுத்து அதற்கு 25 மார்க்கு. நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75 மார்க்கு. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் வாங்கினாலன்றிச் சான்றிதழ் இல்லை. வாரவேலைக்கு விடையை யாரோ ஒரு புண்ணியவான் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறான்; இப்போது கேட்டவுடன் விடை எழுதும் யந்திரங்களும் வந்துவிட்டன. அதைப் பார்த்து எழுதினால் 25-க்கு 25 கிடைக்கலாம். மீதி 75 பரீட்சை மண்டபத்தில் அல்லவா இருக்கின்றது? அங்கே அந்தப் புண்ணியவானும் வரமாட்டான், யந்திரத்தையும் விடமாட்டார்கள். வாரவேலை என்பது நமக்கு எது தெரியாது என்று காட்டுவதற்காக வைத்தது. அதிலே களவு செய்கிறவன் தன் வீட்டிலேயே கன்னம் வைத்தவனாகிறான்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒழிந்தபோது படிக்கலாம் என்ற சௌகரியமே இந்தப் படிப்புக்கு விஷம். ஒழிகிற நேரம் என்று ஒன்று வருவதே இல்லை. தினம் இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று குறித்து, காலேஜுக்குப் போவதுபோல் உட்காரவேண்டும். ஒரே ஊரில் ஒரே பாடம் எடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால், வாரம் ஒருநாள் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டுங்கள். இங்கிலீஷ் புரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து மொழிபெயர்ப்பும் போட்டிருக்கிறார்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்கவும் வழியிருக்கின்றது.

இவ்வளவையும் மாணாக்கன் தலையிலேயே போட்டுவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொள்வது யோக்கியமாகாது. 2017-18-ல் சர்க்காரே எடுத்த கணக்கில், கிராமத்தில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இன்டர்நெட் வசதி இருந்த வீடுகள் நூற்றுக்குப் பதினைந்து. அதற்குப்பின் கைப்பேசி பெருகியிருக்கின்றது, வாஸ்தவம். ஆனால் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் தகப்பன் சட்டைப்பையிலோ அண்ணன் கையிலோ இருக்கின்றதே தவிர, படிக்கிற பெண்ணின் கையில் இருக்கின்றதா? பையன் வீடியோவைத் திறந்தால் "படிக்கிறான், சத்தம் போடாதே" என்கிறார்கள். பெண் திறந்தால் "சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அடுப்பைப் பார்க்கச் சொல்" என்கிறார்கள். காலேஜுக்குப் போன பெண்ணை நடுவகுப்பில் கூப்பிட்டுத் தண்ணீர் எடுத்துவரச் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளேயே காலேஜ் வந்ததும் அந்தப் பாதுகாப்புப் போய்விட்டது. பெற்றோர்கள் அவள் படிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு அவள் வீட்டிலேயே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

காலேஜுகளுக்கும் ஒரு வார்த்தை. ஸ்வயம் மூலம் படிக்கும் பாடங்களை 2016-ம் வருஷத்து விதிப்படி நூற்றுக்கு இருபது வரை பட்டத்துக்குக் கணக்கில் சேர்க்கலாம் என்றிருந்தது. 2021-ல் அதை நாற்பது வரை உயர்த்தினார்கள். ஒரு பருவத்துப் பாடங்களில் ஏறக்குறையப் பாதி வரை ஆன்லைனுக்குத் தள்ளிவிடலாம் என்று ஆனபின், சில நிர்வாகங்கள் உபாத்தியாயர் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடக்கூடும். கட்டணத்தை மாத்திரம் குறைப்பதாகக் காணோம். மாணாக்கனிடம் முழுப் பணத்தையும் வாங்குகிற காலேஜ், அந்த நாற்பதுக்கு என்ன கொடுக்கிறது என்று மாணாக்கர்களும் பெற்றோர்களும் கேட்கவேண்டாமா? கம்ப்யூட்டர் அறையைச் சாயங்காலம் பூட்டாமல் எட்டு மணி வரை திறந்து வைக்கட்டும். ஆன்லைனில் எடுத்த பாடம் ஒவ்வொன்றுக்கும், வாரத்தில் ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்க ஓர் உபாத்தியாயரை உட்காரவைக்கட்டும். இரண்டு வாரம் வேலை அனுப்பாதவன் யார் என்று பார்த்து, அவனைக் கூப்பிட்டு ஏன் என்று விசாரிக்கட்டும். இவற்றைச் செய்தபின் எத்தனை பேர் தேறுகிறார்கள், எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள் என்ற கணக்கையும் வருஷந்தோறும் காலேஜ் வாசலில் எழுதி ஒட்டட்டும்.