முப்பத்தொரு பொன்னாடை, ஒரு தங்கச் சங்கிலி!

 

ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையை நம் சமுதாயத்தின் கல்லூரி மாணவி ஒருவர் வென்றிருக்கிறார். 2004 முதல் நடந்துவரும் திட்டம் இது. இரண்டாண்டு முதுகலைப் படிப்பு, குறைந்தது இரண்டு நாடுகளில். கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோ உதவித்தொகை. உலகமெங்கும் இருந்து விண்ணப்பிக்கிறார்கள். அவர்களோடு போட்டியிட்டு வென்றவர், ஒரு தையல்காரரின் மகள். அல்ஹம்துலில்லாஹ்!

அவருக்கு ஊரில் பாராட்டு விழா நடந்தது. போயிருந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் வரை ஃபிளக்ஸ் பேனர்கள். அவற்றில் மாணவியின் படம் தபால்தலை அளவு, வாழ்த்துவோர் படங்கள் ஆளுயரம்! மேடையில் விழுந்த பொன்னாடைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. பிறகு கேடயம், குழுப் படம், பிரியாணி. பத்ர் போர்க் கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலையான வரலாற்றை நான்கு பேர் நான்கு முறை சொன்னார்கள். (ஐந்தாவதாக நானும் சொல்லவிருந்தேன். வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.)

விழா முடிந்ததும் மாணவியின் தந்தையிடம், "எப்போது பயணம் பாய்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மகள்தான் சொன்னார்: "டிக்கெட் இன்னும் போடல மாமா."

சகோதரர்களே! இதைக் கவனியுங்கள். விமானச் சீட்டு, விசா, போய் இறங்கியதும் வாடகைக்கு முன்பணம், எல்லாம் அந்த 1,400 யூரோவுக்குள்தான் அடங்க வேண்டும். முதல் தவணையோ பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை கைப்பணம் வேண்டும். பல இலட்ச ரூபாய் பெறுமான உதவித்தொகை கையில் இருந்தும், முதல் சில ஆயிரங்களுக்கு வழியில்லாமல் ஒரு குடும்பம் விழித்து நிற்கிறது. முப்பத்தொரு பொன்னாடைக்கும் பேனருக்கும் பிரியாணிக்கும் ஆன செலவில் ஒரு சீட்டு வந்திருக்காதா?

இன்னொரு செய்தியும் அன்றுதான் தெரிந்தது. சென்ற ஆண்டு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பதினேழாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தந்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கடன் கேட்டார். "பொம்பளைப் புள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு எதுக்கு பாய்? நல்ல மாப்பிள்ளையாப் பாருங்க" என்று பதில் வந்தது. தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. விழா மேடையில் முதல் பொன்னாடை போர்த்தியவர் யார் தெரியுமா? அதே பெரியவர்!

வட்டி ஹராம் என்று ஜும்ஆதோறும் கேட்கிறோம். தலையாட்டுகிறோம். ஆனால் நம் பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தை வட்டிக்கு வாங்க வைத்தது யார்?

டாக்டர் அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் பணம் கொடுத்தார். அது 1950களில். கலாம் பெயரைச் சொல்லி மேடைதோறும் மார்தட்டுகிறோமே, எழுபது ஆண்டுகள் கழித்தும் நம் வீட்டுப் பெண்களின் கழுத்துதானா நம் சமுதாயத்தின் கல்வி நிதி?

நமக்குக் கொடுக்கத் தெரியாது என்று யார் சொன்னது? 1919-லேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரி, அதே ஆண்டு திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி. 1965-ல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. தோல் மண்டியிலும் கடைவீதியிலும் சம்பாதித்தவர்களின் கொடைதான் இவற்றுக்கு உரம். அந்த வணிகர்கள் கல்லூரி கட்டினார்கள். நாம் பேனர் கட்டுகிறோம்!

அரசைக் கேட்க வேண்டாமா என்பீர்கள். கேட்க வேண்டும், உரத்துக் கேட்க வேண்டும். புகழ்பெற்ற கல்லூரிகளில் இளங்கலை மாணவர் 25 பேரில் ஒருவரும், முதுகலையில் 50 பேரில் ஒருவருமே முஸ்லிம் என்று 2006-ல் சச்சார் குழு சொன்னது. அதன் பிறகு வந்த மவுலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022-ல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் படிப்புக்கான கல்விக் கடன் வட்டி மானியத்தையும் 2022-23 முதல் கைவிட்டது. அநீதிதான். சுவரொட்டி ஒட்டினோம், ஆர்ப்பாட்டம் செய்தோம். ஆனால் தையல்காரருக்கு அழகிய கடன் மறுத்தது டெல்லி அல்லவே!

வணிகர்களே, உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. சுழலும் பணம் கேட்கிறேன். சரக்குக்கு முதல் போடுகிறீர்கள், விற்றதும் திரும்புகிறது, மறுபடி போடுகிறீர்கள். இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983-ல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டமும் இப்படித்தான்: மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன், சமுதாயத்துக்கு அது கொடை. படித்து வேலைக்குப் போனவர் கடனை வங்கிக்கு அல்ல, தம் சமுதாய அறக்கட்டளைக்கே திருப்பிக் கொடுக்கிறார். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகிறது. ஒவ்வொரு ஊர் பைத்துல்மாலிலும் இதற்கென ஒரு தனிக் கணக்கு வைக்க என்ன தடை? ஜகாத்தைத் தொடலாமா என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபத்வா சொல்ல நான் வரவில்லை. கடைக்கு இத்தனை என்று பத்துக் கடைக்காரர்கள் ஒதுக்கினாலே ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணம் வந்துவிடும்.

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. இந்த மாணவிக்கு இத்திட்டம் பற்றிச் சொன்னவர் கல்லூரியில் ஒரு மூத்த மாணவி. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எராஸ்மஸ் படிப்புகள் பலவற்றுக்கும் விண்ணப்பக் காலம் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பட்டம் கைக்கு வருமுன் இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். பிரிட்டிஷ் அரசின் செவனிங்குக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். ஆகஸ்டு வாக்கில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நிக்காஹ் செய்திக்குப் பக்கத்தில் இதையும் எழுதிப் போடுங்கள். பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இதை எழுதும்போது நண்பர்கள் சிலர் சேர்ந்து மாணவியின் பயணச் சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். அவருடைய தாயின் சங்கிலி மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.