கண்ணுக்கு முன்னால் வாயும் காதும்

பாய்மரப் படகுக்கு எலக்ட்ரானிக் கருவி வாங்குவதைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு கடைசியில் ஸ்கிரீன் சைஸில் போய் நிற்கிறது. ஏழு இஞ்ச்சா, ஒன்பது இஞ்ச்சா? டச் ஸ்கிரீனா? காற்றின் வேகம் காட்டுமா, கடலின் ஆழம் காட்டுமா? டிவி வாங்கப் போகிற மாதிரியே இருக்கிறது. எதிர்க் கோஷ்டி ஒன்று உண்டு. "நம்ம முன்னோர் நட்சத்திரத்தைப் பார்த்தே கடல் தாண்டினாங்க, கருவியெல்லாம் எதுக்கு?" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். இரண்டு கோஷ்டியும் செய்வது ஒரே தப்புதான். கருவி என்றாலே வழி காட்டுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் கட்சி இது: முதல் ரூபாய் பேசுகிற, கேட்கிற கருவிக்கு. காட்டுகிற கருவி அதற்கப்புறம்தான்.

"அடி அண்ணாமலையில உக்காந்துகிட்டு கடலுக்கு அட்வைஸா?" என்பீர்கள். சரி, எங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பிரிந்துபோன பாட்டிக்குத் தான் வருண லிங்கத்துப் பக்கத்தில் நிற்பது நன்றாகவே தெரியும். கூட வந்தவர்களுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. பாட்டி கையில் மேப்பைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு நடந்ததும் இதுதான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துப் படகுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். இருந்தது. எக்கோ சவுண்டர் இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று துல்லியமாகத் தெரியும். புயல் வருவதுதான் தெரியாது. பல நாள் முன்பே கரையை விட்டுப் போனவர்களுக்குச் செல்போன் சிக்னல் கிடையாது. வி.எச்.எஃப். ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை.

அது எஞ்சின் படகு, பாய்மரக் கதை வேறு என்கிறீர்களா? நம் முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியைப் பாருங்கள். 2018-ல் கோல்டன் குளோப் பந்தயத்தில் 'துரியா' என்கிற, கோவாவில் கட்டிய படகில் தனியாக உலகம் சுற்றப் போனார். வழி பார்க்க ஜி.பி.எஸ். கூடாது, செக்ஸ்டன்ட்டும் காகித வரைபடமும்தான் என்பது விதி. செப்டம்பர் 21-ம் தேதி புயலில் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி, எழுந்திருக்கவே முடியவில்லை. பெர்த் நகரத்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தூரம். சாட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பினார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து தூக்கியது. கவனியுங்கள்: வழி காட்டும் கருவியைத் தடை செய்த அந்தப் பந்தயமே தகவல் சொல்லும் கருவியைத் தடை செய்யவில்லை. எது இல்லாமல் போகலாம், எது இல்லாமல் போகக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாய்மரப் படகில் ஒரு சௌகரியம் உண்டு. வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போவது. ஆன்டெனாவை மரத்தின் உச்சியில் கட்டினால் கூடுதல் தூரம் எட்டும். ஆனால் மரம் முறிந்தால் ஆன்டெனாவும் போச்சு! அதனால்தான் இ.பி.ஐ.ஆர்.பி. மாதிரி தனி பேட்டரியோடு, செயற்கைக்கோளுக்கு நேராக அபாயக்குரல் கொடுக்கும் கருவி ஒன்று தனியாக வேண்டும் என்கிறேன். (சாட்டிலைட் போன் வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கேஸ்.)

இப்போது ஒரு காமர்ஸ்காரனின் கணக்கு. எஞ்சின் ஓடாத படகில் பேட்டரிதான் கையிருப்பு. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவு செய்யலாம், அதாவது 50. ஒரு ஆம்பியர் இழுக்கும் ஸ்கிரீனை நாள் முழுக்க எரியவிட்டால் 24 காலி. இரண்டே நாளில் திவால். அரை ஆம்பியரில் ரேடியோவைக் காது கொடுத்துக் கேட்க வைத்தால் 12-தான், நாலு நாள் தாங்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கக் கையிலிருக்கும் செல்போனே போதும், அதன் ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் தேவையில்லை. மலிவாகக் கிடைப்பதற்கு ஏன் முதலீட்டையெல்லாம் கொட்ட வேண்டும்?

அரசுக்கும் இது லேட்டாகவாவது புரிந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30-ல் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், இஸ்ரோ உருவாக்கிய, இரண்டு பக்கமும் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசம். பாராட்டலாம். ஆனால் யாருக்காம்? விசைப்படகுக்கும் மோட்டார் படகுக்கும். பாக் நீரிணைப் பக்கம் பாய் மட்டும் விரித்துப் போகும் வத்தைக்காரர் அந்தக் கணக்கில் வரவில்லை. "அவர் பக்கத்துலதானே போறார்" என்று சமாதானம் சொல்வார்கள். காற்று திசை மாறினால் பக்கம் தூரமாக எவ்வளவு நேரம் ஆகும்? எஞ்சினும் இல்லாதவருக்குத்தானே குரல் முதலில் வேண்டும்?

பணம் இருக்கிறவர் தாராளமாக ஒன்பது இஞ்ச் ஸ்கிரீன் வாங்கட்டும், ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ. பணம் இல்லாதவருக்கு ஒரே ஒரு கருவிதான் கொடுக்க முடியும் என்றால், அவர் கூப்பிட்டால் கரைக்குக் கேட்கிற, கரை கூப்பிட்டால் அவருக்குக் கேட்கிற கருவியைக் கொடுங்கள். எஞ்சின் இருக்கிறதா என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.