கை பழகிற்று, கண் பழகட்டும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டிற்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. புதியதன்று, ஒருவர் ஓட்டிக் கைமாறிய பழைய வண்டிதான். எனினும் அதற்கு நடந்த உபசாரத்தில் யாதொரு குறையும் இருக்கவில்லை. பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் மாலை சூட்டி, கர்ப்பூரங் காட்டி, சில்லின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசுக்கி, திருநீறும் பூசியாயிற்று. என் தங்கை கண்களை மூடி நெடுநேரம் கும்பிட்டாள். கும்பிட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அண்ணா, அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டேன் என்று இவன் துள்ளுகிறான். நீங்கள் ஒரு மாதமாவது கூட நின்று பழக்கிவிடுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளை" என்றாள்.

மருமகனுக்கு வயது இருபது. பகலிற் கொட்டாஞ்சேனையில் வேலை. மாலையில் வெள்ளவத்தையிற் கணக்கியல் வகுப்பு. பஸ்ஸுக்குக் காத்து நின்று, பாதி வகுப்பு முடிந்த பின் போய்ச் சேர்ந்து களைத்த பிள்ளை அவன். அவனுக்கு அந்த வண்டி விளையாட்டுப் பொருளன்று. படிப்பை முடிப்பதற்கான வழி. ஆகவே "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்நாட்டிற் பதிவான வாகனங்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. வேண்டாம் என்று சொல்வதால் அவை நிற்கப் போவதுமில்லை.

நாங்கள் இருப்பது ஹெவ்லொக் டவுனில். 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயர் இன்னும் இப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இங்குள்ள ஒழுங்கைகள் மரநிழலில் அமைதியாகக் கிடக்கும். ஆனால் ஒழுங்கை முடியும் இடத்தில் ஹெவ்லொக் வீதி பஸ்களும் முச்சக்கர வண்டிகளுமாக இரைந்துகொண்டிருக்கும். பழகுபவனுக்கு இதைவிட நல்ல இடம் வாய்ப்பது அரிது. பள்ளிக்கூடமும் பரீட்சை மண்டபமும் அடுத்தடுத்து அமைந்தாற்போன்றது.

முதல் வாரம் ஒழுங்கையிலேயே கழிந்தது. வண்டியை ஓட்ட அவனுக்குத் தெரியும், நிறுத்தத்தான் தெரியவில்லை. வலக்கையில் முன் பிரேக்கும் வலக்காலிற் பின் பிரேக்கும் இருக்க, அவன் காலை மட்டுமே நம்பியிருந்தான். "முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகீழாகத் தூக்கிப் போடும் என்று நண்பர்கள் சொன்னார்கள், மாமா" என்றான். இது எல்லா ஊர்களிலும் உள்ள பிழையான எண்ணம். வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. முன் சில்லு நிலத்தை இறுகப் பற்றுகின்றது. பின் சில்லு பாரம் குறைந்து வழுக்கப் பார்க்கின்றது. ஆகவே நிறுத்தும் வலிமையிற் பெரும்பங்கு முன் சில்லுக்கே உரியது. அதனை வெடுக்கென்று பிடித்தல்தான் ஆபத்து. பழத்தைப் பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்தினால் வண்டி நேராக நிற்கும். இதை நான் விளக்கியது ஐந்து நிமிடம். அவன் கை அதை விளங்கிக்கொள்ள ஐந்து நாள் சென்றது.

அடுத்தது கணக்கு. கணக்கியல் படிப்பவனுக்கு அது இலகு. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு வினாடிக்கு 10 மீற்றர் தூரம் போகின்றான். ஒன்றைக் கண்டு, மனம் அதனை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்குமுன்னரே ஒரு வினாடி கழிந்துவிடலாம். அந்தப் பத்து மீற்றரும் போனது போனதுதான். அதன் பின்னரே வண்டி வேகங் குறையத் தொடங்கும். வேகத்தை இருமடங்காக்கினால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். "அப்படியானால் பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் எந்தக் கணக்கிற் போகிறார்கள்?" என்று கேட்டான். "கடவுள் கணக்கில்" என்றேன். இளமையில் நானும் அந்தக் கணக்கில் ஓடி, மழை நாளொன்றிற் பாதசாரிக் கடவையின் வர்ணக் கோட்டில் வழுக்கி விழுந்தவன். முழங்காலில் அந்த அடையாளம் இன்றும் இருக்கின்றது. பிழை பஸ்ஸினுடையதன்று, என்னுடையதே.

இரண்டாம் வாரம் நான் என் வண்டியில் முன்னே செல்ல, அவன் பின்னே வந்தான். திம்பிரிகஸ்யாயச் சந்தி, பாமன்கடைச் சந்தி, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக வெள்ளவத்தை என்று எங்கள் ஓட்டம் விரிந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் அவனுடைய தலைக்கவசத்தின் வார் பூட்டப்படாமல் தொங்குவதைக் கண்டேன். கோபத்துடன் நிறுத்தி, "தம்பி, இது என்ன?" என்றேன். அவன் சற்றுத் தயங்கி, "கிட்டப் போகும்போது நீங்களும் பூட்டுவதில்லையே, மாமா" என்றான்.

வகுப்பறையில் இருபது ஆண்டு நின்ற எனக்கு அன்று மறுமொழி வரவில்லை. பிரேக்கைப் பற்றி நான் சொன்னதை அவன் கேட்டான். ஆனால் வாரைப் பற்றி நான் சொல்லாமற் செய்ததை அவன் கற்றான். பாமன்கடைக்குப் போவதற்கு வார் எதற்கு என்று நான் எத்தனையோ நாள் எண்ணியிருக்கின்றேன். விழுகின்றவன் தூரம் பார்த்தா விழுகின்றான்?

அன்றிரவு அவனுக்கு ஒரு சரித்திரத்தைக் கூறினேன். அராபியப் பாலைவனப் போரிற் பெயர் பெற்ற டி. ஈ. லோரன்ஸ், 1935 மே 13இல் இங்கிலாந்தில் தம் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி; தலைக்கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் காலமானார். வயது 46. அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஹியூ கெயின்ஸ் என்ற மூளைச் சத்திர சிகிச்சை நிபுணரும் ஒருவர். மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக் காயங்களைப் பின்னர் அவர் ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எழுதி வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது அங்கு கட்டாயமானது 1973இல்; கெயின்ஸ் 1952இலேயே மறைந்துவிட்டார். தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக் காய அபாயத்தை ஏறக்குறைய 69 வீதமும் குறைக்கின்றது எனப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இற் கணித்திருக்கின்றனர். வார் பூட்டாத கவசமோ விழும்போது நமக்கு முன்னரே கழன்று உருண்டு போய்விடும். மறுநாள் இருவரும் ஒன்றாக நின்று வாரைப் பூட்டினோம். யார் யாருக்குக் கற்பித்தோம் என்று கேட்காதீர்கள்.

அமெரிக்காவில் ஹரி ஹேர்ட் என்ற பேராசிரியர் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறக்குறைய 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நடந்த இடத்திலேயே ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் 92 வீதமானோர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். அரைவாசிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியை ஐந்து மாதங் கூட ஓட்டியிராதவர்கள். இன்னொரு வாகனத்துடன் மோதியவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், மற்றச் சாரதியே வழிவிடாமற் குறுக்கிட்டிருந்தார். பலர் முன் பிரேக்கைக் குறைவாகவும் பின் பிரேக்கை அளவு மீறியும் பிடித்திருந்தனர்.

உறவினர் பழக்குதலே கேடு என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் உறவினராகிய நாம் எதைப் பழக்குகின்றோம் என்று நம்மையே கேட்கவேண்டும். கிளச்சை விடு, கியரை மாற்று, புறப்படு என்று வண்டியை நகர்த்தப் பழக்கிவிட்டுத் தோளைத் தட்டி அனுப்பிவிடுகின்றோம். அது கைக்குரிய பாடம். மற்றவன் குறுக்கிடுவான் என்று முன்னரே காண்பது கண்ணுக்குரிய பாடம்; அதனைக் கற்பிக்க மாதங்கள் வேண்டும்.

ஆகவே மூன்றாம் வாரம் நான் அவன் பின்னால் ஏறி அமர்ந்தேன். "காண்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டு" என்றேன். இங்கிலாந்துப் பொலிஸாரின் சாரதிப் பயிற்சியில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை இது. முதல் நாள் அவன் சொன்னதெல்லாம் "பஸ், கார், பஸ்" என்பதே. சில நாட்களில் அச்சொற்கள் மாறின. "முச்சக்கர வண்டிக்காரர் ஆளைக் கண்டுவிட்டார், திடீரென்று இடப்பக்கம் ஒதுக்குவார்." "நிற்கிற காரின் முன்சில்லு திரும்புகிறது, புறப்படப் போகிறது." "பஸ் சாரதியின் கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே என்னையும் அவருக்குத் தெரியாது." பின்னால் இருந்த நான் சிறிது சிறிதாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் முடிந்தது. திங்கட்கிழமை முதன்முறையாகத் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போவதென்று ஏற்பாடு. அதிகாலையில் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. நெடுநாள் வரட்சிக்குப் பின் விழும் முதல் மழை, வீதியிற் படிந்த எண்ணெயையும் தூசியையும் கிளப்பிப் பெரும் வழுக்கலை உண்டாக்கும். தங்கை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். தடுக்க என் வாய் எழுந்தது, அடக்கிக்கொண்டேன். மருமகன் வெளியே வந்து வானத்தைப் பார்த்தான்; வீதியைப் பார்த்தான். பிறகு தலைக்கவசத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வந்து, "இன்றைக்கு பஸ்ஸில் போகிறேன், மாமா. நாளைக்கு எடுக்கிறேன்" என்றான்.

வண்டியை எடுக்காத அந்தக் காலையிலேதான் அவன் என் பரீட்சையிற் சித்தியடைந்தான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மறுநாள் வெயில் எறித்தது. வாரைப் பூட்டிக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்ததும் தாய்க்குத் தொலைபேசியிற் சொன்னான். தங்கை அப்போதுதான் காலைத் தேநீரைக் குடித்தாள்.

வீட்டில் ஒரு புதிய ஓட்டி இருக்கும் பெற்றோருக்கும் மாமன்மாருக்கும் நான் சொல்லக்கூடியது சிறிதுதான். அனுமதிப்பத்திரம் வந்த அன்றோடு உங்கள் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒரு மாதமேனும் கூட ஓடுங்கள். அதற்கு முன் உங்கள் வாரைப் பூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள்.