வீட்டோடு வைத்தியம்: மேலண்ணத்துப் புண்ணுக்கு நம் ரத்தமே துணை

ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிவதைப் பற்றிச் சில இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். கீழ் முன்பற்கள் இரண்டில் ஈறு நன்றாக இறங்கி விட்டதாம். மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஈறில் ஒட்ட வேண்டும், அண்ணத்துப் புண் சீக்கிரம் ஆற அவருடைய ரத்தத்தையே எடுத்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மாமியாரோ, "ஒரு பல்லுக்காக வாயில ரெண்டு புண்ணா? அதுக்குப் பல்லையே புடுங்கிப் போட்ரலாம்த்தா" என்கிறாராம். "நான் என்ன செய்யட்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியாருடைய பயம் நியாயமானதுதான். இந்தச் சிகிச்சையில் ஈறை விட அண்ணம்தான் அதிகம் படுத்தும். ஒன்று, ஒன்றரை மில்லி மீட்டர் கனத்துக்குத் தோலோடு சீவி எடுப்பார்கள். அந்த இடத்தை மூடித் தைக்க முடியாது. முழங்காலில் சிராய்த்த மாதிரி திறந்தே கிடந்து, ஓரத்திலிருந்து தானாகத் தோல் வளர்ந்து மூட வேண்டும். அதற்கு இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். தோலைத் திறந்து உள்சதையை மட்டும் எடுத்துவிட்டுத் தைக்கும் முறையும் உண்டு. அதில் வலி குறைவு. உங்களுக்கு எது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

சரி, ரத்தம் எதற்கு? டெங்கு வந்த வீட்டில் "தட்டணு இறங்கிப் போச்சு" என்று பதறுவோமே, அதே பிளேட்லெட்தான் இங்கேயும். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். காயம் பட்டால் முதலில் ஓடி வந்து அடைப்பது இதுதான். அடைப்பதோடு நிற்பதில்லை. புது ரத்தக் குழாயும் புதுச் சதையும் வளரத் தூண்டும் பொருள்களையும் அது தன்னுள் வைத்திருந்து வெளியே விடும். அதைப் புண்ணின் மேலேயே நிறைய கொண்டு போய் வைத்தால் என்ன என்பதுதான் யோசனை.

அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்பவர் 1998-ல் தாடை எலும்புச் சிகிச்சையில் இதைச் செய்து காட்டினார். அந்த முறையில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்த்து, பிறகு உறைய வைக்க வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருந்தது. 2001-ல் பிரான்சு நாட்டு டாக்டர் ஷூக்ரூன், மருந்தே சேர்க்காமல் செய்யும் வழி கண்டார். அதற்குத்தான் பி.ஆர்.எஃப். என்று பெயர். பெரிய செலவுச் சாமான் வேண்டாததால் நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சீக்கிரம் பரவி விட்டது. பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஏ. ஆர். பிரதீப் குழுவினர், ஈறு நோயால் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்த இடத்தில் இதை வைத்துப் பார்த்து, நல்ல பலன் என்று 2011-லேயே எழுதியிருக்கிறார்கள்.

செய்முறை எளிதுதான். கையிலிருந்து சுமார் 10 மில்லி ரத்தம் எடுத்து, உடனே சுழலும் எந்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் சுற்ற விடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் நீங்கள் பார்த்திருக்கும் எந்திரம் போன்றதுதான். தேத்தாங்கொட்டை உரைத்த ஊருணித் தண்ணீர் தெளிகிற மாதிரி, சிவப்பெல்லாம் அடியில் போய்விடும். மேலே வைக்கோல் நிறத் தண்ணீர் நிற்கும். நடுவில் நுங்குச் சுளை போல ஒரு கட்டி மிதக்கும். அந்தக் கட்டியை அழுத்தினால் நனைந்த அப்பளம் மாதிரி மெல்லிசாக வரும். அதை அண்ணத்துப் புண்ணில் வைத்து, நழுவாமல் நூலால் கட்டி விடுவார்கள். வேறொருவர் ரத்தம் கலப்பதில்லை. ஆகவே பிறத்தியார் நோய் ஒட்டிக் கொள்ளுமோ என்ற கவலை வேண்டாம். ஊசியும் குழாயும் புதிதாகப் பிரித்தவையா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பலன் என்ன? முதல் வாரத்து வலி குறைகிறது, முதல் இரண்டு வாரத்தில் தோல் சீக்கிரம் மூடுகிறது என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வைத்த புண்ணும் வைக்காத புண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீட்டு வேலையும் பார்த்துக் கொண்டு, நாலு பேருக்குச் சமைத்துப் போட்டு, தான் மட்டும் கஞ்சி குடிக்கிற பெண்ணுக்கு அந்த முதல் வாரம்தானே பெரிசு! இந்த வசதி இல்லாத இடத்தில் அண்ணத்தை மூட ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து தருவார்கள். அதுவும் நல்ல துணைதான்.

இனி வீட்டுப் பக்குவம்:

• முதல் நாள் கொப்பளிக்கவே வேண்டாம். உறைந்த ரத்தம் பெயர்ந்து விடும். மறுநாளிலிருந்து டாக்டர் சொன்ன மருந்துத் தண்ணீரை வாயில் மெதுவாக வைத்திருந்து வழிய விடுங்கள்.

• இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சாதீர்கள். டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம்.

• ஆறின கேப்பைக் கூழ், மோர்க்கஞ்சி, குழைந்த சாதம், கிடைக்கிற காலத்தில் நுங்கு எல்லாம் சரி. முள்ளுள்ள மீன், கருவாடு, முறுக்கு, காரம், சூடு ஆகாது.

• மஞ்சளோ உப்போ வைத்துத் தேய்க்க வேண்டாம்.

• வெற்றிலை, புகையிலை கூடவே கூடாது. புகையிலை போட்டால் புண்ணும் ஆறாது, ஒட்டின சதையும் பிடிக்காது.

• ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை நனைத்து இருபது நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையென்றால் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

• தீவிலிருந்து மதுரைக்குப் போய்ச் செய்து கொள்கிறவர்கள் அன்றிரவு அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. ராத்திரி பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் வரும்போது கசிந்தால் என்ன செய்வீர்கள்?

சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். இருதயத்துக்கு ரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லி விடுங்கள். தாங்களாக நிறுத்தி விடாதீர்கள்.

இப்போது தங்கச்சிமடத்துச் சகோதரிக்கு. இறங்கின ஈறுக்கெல்லாம் ஆபரேஷன் தேவையில்லை. உப்பும் அடுப்புக்கரியும் போட்டு அழுத்தித் தேய்க்கிற பழக்கத்தை விட்டு, மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறினாலே பலருக்கு அத்தோடு நின்று விடும். மாதா மாதம் இறங்கிக் கொண்டே போகிறதா, கூச்சம் பொறுக்க முடியவில்லையா என்று பாருங்கள். அப்படியானால் செய்து கொள்ளுங்கள். பிடுங்கின பல் திரும்ப வராது. பக்கத்துப் பல்லும் அந்தச் சந்தில் சாயும். புண்ணோ ஒரு மாதத்தில் ஆறி விடும். மாமியாரிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். கையோடு அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவைக் கேட்டு விசாரிக்கலாம். நம் பக்கத்தில் புதுக்கோட்டையிலேயே 2023-ல் அரசுக் கல்லூரி வந்திருக்கிறது.

அடுத்த இதழில், கர்ப்ப காலத்தில் ஈறு வீங்குவதைப் பற்றிப் பார்ப்போம்.